காலியாகக் கிடந்த களஞ்சியம்

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம் இருபது வருடங்களுக்கு முன்னால் ஒரு வினோதமான காரியம் செய்தது. நான்சி ஃபிரைட் ஃபாஸ்டர் என்ற மானுடவியலாளரை அழைத்துத் தங்கள் பேராசிரியர்களையே ஆய்வு செய்யச் சொன்னது. மானுடவியலாளர்கள் தீவுகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் போய்த்தான் நமக்குப் பழக்கம். இவர் பேராசிரியர்களின் அறைகளுக்குப் போனார். எப்படி எழுதுகிறார்கள், கோப்பை எங்கே சேமிக்கிறார்கள், சக ஆசிரியருக்கு எப்படி அனுப்புகிறார்கள், எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

காரணம் எளிமையானது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் கட்டுரைகளையெல்லாம் சேர்த்துவைக்க நூலகம் ஓர் இணையக் களஞ்சியத்தை நிறுவியிருந்தது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கலாம். பேராசிரியர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தங்கள் கட்டுரையின் பிரதியை அதில் ஏற்றுவது. அவர்கள் ஏற்றவில்லை. அழைப்பு அனுப்பினார்கள், கூட்டம் போட்டார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். களஞ்சியம் காலியாகவே கிடந்தது. கடைசியில்தான் மானுடவியலாளர் வந்தார்.

2005 ஜனவரியில் ஃபாஸ்டரும் நூலகர் சூசன் கிப்பன்ஸும் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். நூலகம் பேசும் மொழியே பேராசிரியர்களுக்குப் புரியவில்லை என்பது அதில் முக்கியமானது. 'நிறுவனக் களஞ்சியம்' என்ற சொல்லைக் கேட்டதும், 'இது நிறுவனத்துக்கானது, எனக்கானது இல்லை' என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய உலகம் பல்கலைக்கழகம் அல்ல, தங்கள் துறை. பக்கத்து அறைக்காரர் என்ன எழுதுகிறார் என்று தெரியாது. ஆனால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அதே புழுவை ஆராய்கிறவரோடு தினமும் மின்னஞ்சல் உண்டு.

இந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மென்பொருள் துறையில் பத்துப் பதினைந்து வருடம் இருந்தவர் எவருக்கும் வரும். கட்டி முடித்த பிறகு, 'யாருக்காகக் கட்டினோம்?' என்று விசாரிக்கப் போவது எங்கள் தொழிலின் பழைய வியாதி. ஆனால் களஞ்சியத்தின் வரலாற்றைத் தோண்டிப் பார்த்தபோது விஷயம் அதைவிடச் சுவாரசியமாக இருந்தது. மென்பொருள் சரியாகவே இருந்தது. கோளாறு வேறு இடத்தில்.

இயற்பியல்காரர்களின் தபால் பழக்கம்

ஆய்விதழ்களில் ஒரு கட்டுரை வெளிவர மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். உயராற்றல் இயற்பியல்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அச்சுக்கு முன்பே கட்டுரையைத் தட்டச்சுச் செய்து, நகலெடுத்து, உலகம் முழுக்கத் தபாலில் அனுப்புவார்கள். அதற்கு முன்னச்சு என்று பெயர். ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கி மைய நூலகம் 1960களிலிருந்தே இந்த முன்னச்சுகளைச் சேகரித்துப் பட்டியல் போட்டுவந்தது. ஒரே ஒரு சிக்கல்: தபால் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால்தான் கட்டு வரும். ஹார்வர்டுக்கு வரும், மதுரைக்கு வருமா என்பது அனுப்புகிறவரின் மனதையும் தபால்தலைக் காசையும் பொறுத்தது.

1991 ஆகஸ்டில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் இந்தப் பழக்கத்தைக் கணினிக்கு மாற்றினார். ஒரு முகவரிக்குக் கட்டுரையை மின்னஞ்சலில் அனுப்பினால் அது சேமித்துக்கொள்ளும். கேட்பவருக்குத் திருப்பி அனுப்பும். அவ்வளவுதான். பின்னாளில் 'ஆர்க்கைவ்' என்று உலகப் புகழ் பெற்றது அதுதான். அது முதல் நாளிலிருந்தே நிறைந்துகொண்டு போனது. புதுப் பழக்கம் எதையும் அது கேட்கவில்லை என்பதுதான் காரணம். ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருந்தவர்களுக்குச் சுலபமாக அனுப்ப ஒரு வழி கொடுத்தது.

இதைப் பார்த்து உற்சாகமானவர் ஸ்டீவன் ஹார்னாட். புடாபெஸ்டில் பிறந்தவர், அறிதிறன் அறிவியலாளர், ஓர் ஆய்விதழைத் தொடங்கி நடத்தியவர். 1994 ஜூன் 27 அன்று இணையத்தில் ஒரு சிறு யோசனையை எழுதி அனுப்பினார். அதற்கு அவர் வைத்த பெயரிலேயே 'கவிழ்ப்பு' இருந்தது. வாதம் இதுதான்: நாவல் எழுதுகிறவர் காசுக்கும் எழுதுகிறார். ஆய்வாளர் ஒரு கட்டுரைக்கு ஒரு பைசாகூட வாங்குவதில்லை. அவருக்கு வேண்டியது வாசகர். அப்படியிருக்க, வாசகரைக் காசு கேட்டுத் தடுக்கும் வேலியை அவர் ஏன் பொறுத்துக்கொள்கிறார்? அச்சு யந்திரமும் காகிதமும் தேவைப்பட்ட காலத்தில் அதில் நியாயம் இருந்தது. இப்போது ஒவ்வொருவரும் தன் கட்டுரையைத் தன் பல்கலைக்கழகக் கணினியில் ஏற்றிவிட்டால் வேலி தானாக விழுந்துவிடாதா?

ஆய்விதழ்களைப் புறக்கணியுங்கள் என்று ஹார்னாட் சொல்லவில்லை. இதழுக்கே அனுப்புங்கள், சக அறிஞர்கள் திருத்தட்டும், வெளிவரட்டும். கூடவே ஒரு பிரதியைத் திறந்தவெளியில் வையுங்கள். இவ்வளவு மிதமான புரட்சி வரலாற்றில் குறைவு. அதனாலேயே ஒரே ராத்திரியில் முடிந்துவிடும் என்று நம்பினார். முப்பது வருடம் ஆகிவிட்டது.

ஆறு வினைச்சொற்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகக் களஞ்சியம் வைத்தால் தேடுகிறவர் எத்தனை கதவைத் தட்டுவது? 1999 அக்டோபரில் நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகரில் ஒரு சிறு கூட்டம் இதைப் பேசியது. கின்ஸ்பார்க், ரிக் லூஸ், ஹெர்பர்ட் வான் டி சோம்பெல் ஆகிய மூவரும் அழைத்த கூட்டம். அதிலிருந்து ஒரு நெறிமுறை பிறந்து 2001இல் முதல் வடிவத்தையும் 2002இல் இரண்டாம் வடிவத்தையும் அடைந்தது. அந்த இரண்டாம் வடிவம்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மென்பொருள்காரனாக எனக்கு இந்த நெறிமுறையின் மேல் ஒரு பிரியம் உண்டு. மொத்தமே ஆறு வினைச்சொற்கள்: நீ யார் என்று சொல், என்னென்ன வடிவங்களில் தருவாய், என்னென்ன தொகுப்புகள் வைத்திருக்கிறாய், எண்களின் பட்டியல் கொடு, பதிவுகளின் பட்டியல் கொடு, இந்த ஒரு பதிவைக் கொடு. வேறு எதுவும் இல்லை. ஒவ்வொரு பதிவும் குறைந்தபட்சம் டப்ளின் கோர் என்ற பதினைந்து புலங்கள் கொண்ட வடிவத்தில் இருந்தால் போதும்: தலைப்பு, ஆக்கியோன், தேதி, மொழி, இப்படி. (இந்த டப்ளின் அயர்லாந்தில் இல்லை, ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்.) ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து இந்த ஆறு வினைகளுக்கு ஒரு அறுவடை நிரல் எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி முதல் களஞ்சியத்திலிருந்து பதிவுகள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. இருபது வருடத்துக்கு முந்தைய நெறிமுறை இப்படி வேலை செய்வது எங்கள் துறையில் அபூர்வம்.

அதே நிரல்தான் வேறொன்றையும் காட்டிக்கொடுத்தது. 'ஆக்கியோன்' புலத்தில் தமிழ்ப் பெயர்கள் படும் பாடு. குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர் என்பது அந்தப் புலத்தின் எதிர்பார்ப்பு. நமக்கோ அப்பா பெயரின் முதலெழுத்துதான் இருக்கிறது. ஒரே ஆள் ஓரிடத்தில் முதலெழுத்து முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அப்பா பெயரே விரிந்து குடும்பப் பெயராக. கணினிக்கு அவர் மூன்று பேர். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் நிலையான எண் கொடுக்கும் 'ஆர்க்கிட்' 2012இல் வந்தது இந்த மாதிரித் தலைவலிக்காகத்தான்.

நெறிமுறை வந்தாயிற்று. கட்டடமும் வந்தது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 2000இல் 'ஈபிரிண்ட்ஸ்' என்ற இலவச மென்பொருள் வெளியானது. அதை எழுதிய ராபர்ட் டான்ஸ்லி பிறகு ஹியூலெட் பேக்கர்டுக்குப் போய், எம்.ஐ.டி. நூலகத்துடன் சேர்ந்து 'டிஸ்பேஸ்' உருவாக்குவதில் முக்கியப் பங்கு வகித்தார். அது 2002 நவம்பரில் வெளியானது. இந்த இரண்டு மென்பொருள்களும்தான் உலகின் ஏராளமான களஞ்சியங்களுக்கு அஸ்திவாரம். இடையில் 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் பிரகடனம் 'திறந்த அணுக்கம்' என்ற சொல்லுக்கு வரையறை கொடுத்தது. ஆக 2002 முடிவதற்குள் எல்லாமே தயார். நெறிமுறை, மென்பொருள், கொள்கை, மூன்றும் இலவசம்.

சரி, ஆள் வரணுமே?

ஆறில் ஒரு பங்கு

தானாக முன்வந்து ஏற்றுவோரின் பங்கு என்று ஹார்னாட் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த எண் 15 சதவீதம். அதாவது கிட்டத்தட்ட ஆறில் ஒரு கட்டுரை. 2007இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிஸ்பேஸை பிலிப் டேவிஸும் மாத்யூ கானலியும் ஆராய்ந்தபோது, பெரும்பாலான தொகுப்புகள் வெறுமையாகவோ நாலைந்து கோப்புகளோடோ கிடந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கின்ஸ்பார்க்கின் ஆர்க்கைவ் 2001இல் அதே கார்னெலுக்குத்தான் வந்திருந்தது. ஒரே வளாகத்தில் ஒரு களஞ்சியம் நிரம்பி வழிந்தது, இன்னொன்றில் தூசு.

ஆசிரியர்கள் சொன்ன காரணங்கள் பல: கற்றுக்கொள்ள நேரமில்லை, ஏற்கெனவே என் சொந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறேன், யாராவது திருடிவிடுவார்கள், பதிப்பாளர் கோபித்துக்கொள்வார், காப்புரிமை யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசிக் காரணம் நியாயமானது. கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்பாளர் ஒரு படிவம் அனுப்புவார். பேராசிரியர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். அதோடு காப்புரிமை பதிப்பாளருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு நூலகர் வந்து 'உங்கள் கட்டுரையைத் தாருங்கள்' என்று கேட்டால், கொடுக்கும் உரிமை அவரிடம் இருக்கிறதா என்பது அந்தப் படிவத்தின் பொடி எழுத்தில் இருக்கிறது. எந்தப் பதிப்பாளர் எதை அனுமதிக்கிறார் என்று பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளை என நிறம் பிரித்துப் பட்டியல் போடுவதற்கென்றே பிரிட்டனில் 'ரோமியோ' என்று ஒரு தரவுத்தளம் தேவைப்பட்டது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் களஞ்சியத்தை நடத்திய நூலகர் டோரதியா சாலோ 2008இல் ஒரு கட்டுரை எழுதினார். தன்னைக் கரப்பான் பொறியின் சத்திரக்காரியாகத் தலைப்பிலேயே வர்ணித்துக்கொண்டார். அமெரிக்கக் கடைகளில் விற்கும் பசைப் பெட்டி அது. உள்ளே போன பூச்சி வெளியே வராது. களஞ்சியமும் அப்படித்தான்: கோப்பைப் போடலாம், திருத்த முடியாது, பழைய வரைவையும் புதிய வரைவையும் சேர்த்துவைக்க முடியாது, எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்க முடியாது. ஒரே ஒரு நூலகரைப் போட்டு, ஒரு சர்வரைக் கொடுத்து, ஒரு பல்கலைக்கழகத்தின் பழக்கத்தையே மாற்று என்று சொன்னால் எப்படி?

எங்கள் தொழிலில் 'ரெப்போ' என்ற சொல் ஒரு நாளைக்கு நூறு முறை வாயில் வரும். அதுவும் களஞ்சியம்தான். காலையில் அதிலிருந்து எடுத்து, மாலையில் அதிலேயே வைப்போம். நிரல் பிறப்பதும் வளர்வதும் அதற்குள்ளேதான். அதனால் அது காலியாக இருக்கும் பேச்சே இல்லை. பேராசிரியருக்கோ, களஞ்சியம் என்பது வேலையெல்லாம் முடிந்த பிறகு வரும் இன்னொரு படிவம். ராச்செஸ்டர் மானுடவியலாளர் கண்டதும் இதுதான். கூட்டாக எழுதவும், வரைவுகளைத் தொலைக்காமல் வைக்கவும் வழி கிடைக்காதா என்று அவர்கள் ஏங்கினார்கள். முடிந்ததைக் கொண்டுவந்து வைக்கும் அலமாரிதான் அவர்களுக்குக் கிடைத்தது.

இதற்கு நடுவில் அல்மா ஸ்வானும் ஷெரிடன் பிரவுனும் 2005இல் வெளியிட்ட ஒரு கருத்தாய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. உங்கள் பல்கலைக்கழகம் கட்டாயப்படுத்தினால் ஏற்றுவீர்களா என்று ஆய்வாளர்களைக் கேட்டார்கள். 81 சதவீதம் பேர் மனமுவந்து ஏற்றுவோம் என்றார்கள். 14 சதவீதம் பேர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவோம் என்றார்கள். மாட்டேன் என்றவர்கள் 5 சதவீதம்தான். யாராவது சொன்னால் செய்கிறேன், யாரும் சொல்லவில்லையே என்பதுதான் இதன் சாரம். எதிர்ப்பு இல்லை, முடை. ஆனால் யார் சொல்வது, எப்படிச் சொல்வது? இதற்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒன்று அமெரிக்காவில், ஒன்று பெல்ஜியத்தில். இரண்டும் ஒரே வருடம், 2008.

முதல் கையெழுத்து

2008 பிப்ரவரி 12 அன்று ஹார்வர்டின் கலை அறிவியல் ஆசிரியர் குழு ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. அதைக் கொண்டுவந்தவர் கணினி அறிவியல் பேராசிரியர் ஸ்டூவர்ட் ஷீபர். பல்கலைக்கழக நூலகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் ராபர்ட் டார்ன்டன். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாட்டின் தடை செய்யப்பட்ட புத்தக வியாபாரத்தை எழுதிய வரலாற்றாசிரியர். புத்தகங்கள் வேலிகளை எப்படித் தாண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் இந்த வாக்கெடுப்புக்கு ஆதரவாக எழுதியது பொருத்தமாகத்தான் இருந்தது.

தீர்மானத்தின் சூட்சுமம் ஒரு வரிசை மாற்றம். அதுவரை நடந்தது: முதலில் பேராசிரியர் பதிப்பாளரிடம் கையெழுத்துப் போடுவார், பிறகு பல்கலைக்கழகம் வந்து 'மிச்சம் ஏதாவது உரிமை இருக்கிறதா?' என்று கேட்கும். ஷீபர் அதைத் தலைகீழாக்கினார். இனி எழுதப்போகும் ஒவ்வொரு கட்டுரைக்கும் விநியோகிக்கும் உரிமையை ஆசிரியர்கள் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். அது தனியுரிமை இல்லை, ஆசிரியரின் காப்புரிமை ஆசிரியரிடமே இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு பதிப்பாளரிடம் போடும் கையெழுத்து இரண்டாவது கையெழுத்து. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப எடுத்துக் கொடுக்க முடியாது. குறிப்பிட்ட ஒரு கட்டுரைக்கு இது வேண்டாம் என்றால் விலக்குக் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும்.

இதில் கட்டாயம் இருக்கிறதா? இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்பதை மட்டும் மாற்றினார்கள். முன்பு சும்மா இருந்தால் கட்டுரை பூட்டுக்குள் போகும். இப்போது சும்மா இருந்தால் திறந்திருக்கும் உரிமை பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கும். இதை மேலிருந்து யாரும் திணிக்கவில்லை, ஆசிரியர்களே கை தூக்கி வாக்களித்தார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் எம்.ஐ.டி. ஒருமனதாக இதே வழியில் வந்தது. 2013இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்.

ஹார்வர்டுக்கு என்ன பணக் கஷ்டம் என்று கேட்கலாம். 2012 ஏப்ரலில் அதே பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஆலோசனைக் குழு ஒரு குறிப்பு வெளியிட்டது. சில பெரிய பதிப்பாளர்களின் இதழ்களுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 37.5 லட்சம் டாலர், சில இதழ்களுக்கு ஆண்டுச் சந்தா 40,000 டாலர் வரை, இது தாங்காது என்றது. உலகின் பெரும் பணக்காரப் பல்கலைக்கழகமே தாங்காது என்றால் மற்றவர்கள் எங்கே போவது?

எண்ணுகிறவர் கேட்டால்

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் அன்று ரெக்டராக இருந்த பெர்னார் ரான்டியே ஒரு வைரஸ் ஆய்வாளர். நிர்வாகத்துக்கு வந்ததும் ஓர் அடிப்படைக் கேள்வி அவரை உறுத்தியது. தன் பல்கலைக்கழகம் ஒரு வருடத்தில் என்னென்ன வெளியிடுகிறது என்பது பல்கலைக்கழகத்துக்கே தெரியவில்லை. தொழிற்சாலை வைத்திருப்பவருக்குத் தன் சரக்கு எது என்று தெரியாத கதை.

2008 நவம்பரில் 'ஓர்பி' என்ற களஞ்சியம் திறக்கப்பட்டது. நூலகர் போல் திரியோனின் குழு அதை நடத்தியது. ரான்டியே போட்ட விதி எளிமையானது: பதவி உயர்வுக்கோ மதிப்பீட்டுக்கோ உங்கள் பெயர் வரும்போது, ஓர்பியில் இருக்கும் கட்டுரைகளைத்தான் குழு பார்க்கும். அதில் இல்லாதது எழுதப்படாதது. தண்டனை கிடையாது, அபராதம் கிடையாது, எச்சரிக்கைக் கடிதம்கூட வேண்டாம்.

பதிப்பாளர் அனுமதிக்கவில்லையே என்ற சாக்குக்கும் அங்கே ஒரு வழி இருந்தது. கோப்பைக் கட்டாயம் ஏற்ற வேண்டும், திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பது அடுத்த கேள்வி. மூடியிருந்தால் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். வாசகர் அதை அழுத்தினால் ஆசிரியருக்குக் கடிதம் போகும், ஆசிரியர் ஒரு சொடுக்கில் தனிப்பட்ட பிரதி அனுப்பிவிடலாம். பழைய இயற்பியல்காரர்களின் தபால் பழக்கம் இப்படிப் பொத்தானாகத் திரும்பி வந்தது. ஏற்றியவருக்குத் தன் கட்டுரைப் பட்டியல் அழகாக அடுக்கித் தரப்பட்டது, எத்தனை பேர் இறக்கினார்கள் என்ற கணக்கும் கிடைத்தது. ஓர்பி நிரம்பியது. சத்திரக்காரி கேட்டது அவ்வளவையும் லியேஜ் செய்து காட்டியது என்றுகூடச் சொல்லலாம்.

எனக்கு இதில் ஒரு தயக்கமும் இருக்கிறது. எண்ணுவதற்காகவே ஏற்றும் களஞ்சியம் மெல்ல மெல்ல எண்ணும் யந்திரமாக மாறிவிடும். பிரிட்டனில் 2016 ஏப்ரலிலிருந்து, நாடு தழுவிய ஆய்வு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், கட்டுரை ஏற்கப்பட்ட மூன்று மாதத்துக்குள் களஞ்சியத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று விதி வந்தது. களஞ்சியங்கள் நிரம்பின. ஆனால் வாசகருக்காக ஏற்றுகிறோமா, தணிக்கைக்காக ஏற்றுகிறோமா என்ற கேள்வி அங்கே இன்னும் முடியவில்லை. ஹார்வர்டு உரிமையைக் கைப்பற்றியது, லியேஜ் பழக்கத்தைக் கைப்பற்றியது. இரண்டில் எது நெடுநாள் தாங்கும் என்று கேட்டால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். ரெக்டர்கள் மாறுவார்கள். கொடுத்த உரிமை நிற்கும்.

பதிப்பாளரின் பதில்

பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? எல்செவியர் சில ஆண்டுகள் வைத்திருந்த ஒரு விதி இந்த வரலாற்றின் நகைச்சுவைப் பகுதி. ஆசிரியர் தானாக விரும்பித் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றலாம். பல்கலைக்கழகம் ஏற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் ஏற்றக் கூடாது. அதாவது, செய்யாமல் இருக்கும் சுதந்திரம் உள்ளவரை செய்யலாம். 15 சதவீதம் ஏற்றட்டும், 95 சதவீதம் ஏற்றினால்தான் ஆபத்து என்பதைப் பதிப்பாளரும் துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார்.

அடுத்த பதில் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. பெர்க்லியின் பேராசிரியர்கள் மூன்று பேர் 1999இல் 'பிபிரஸ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சொந்தமாகச் சர்வர் வைத்துப் பராமரிக்க முடியாத பல்கலைக்கழகங்களுக்குக் களஞ்சியத்தையே வாடகைக்குக் கொடுத்தது அது. 500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருந்தன. 2017 ஆகஸ்டில் எல்செவியர் அதை வாங்கிவிட்டது. பதிப்பாளரின் வேலியைத் தாண்டுவதற்காகக் கட்டிய திண்ணை, ஒரு நாள் காலையில் பதிப்பாளரின் சொத்தானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக நூலகம் வெளியேறும் வழியைத் தேடப்போவதாக வெளிப்படையாகவே அறிவித்தது. டிஸ்பேஸ், ஈபிரிண்ட்ஸ் போன்ற திறமூல மென்பொருள்களின் அருமை அன்றைக்குத்தான் பலருக்கும் உறைத்தது. அவை அழகில்லாதவை, பராமரிக்கக் கஷ்டமானவை. ஆனால் விலைக்கு வாங்க முடியாதவை.

இங்கே

இந்தியா இதில் பின்தங்கித் தொடங்கிய நாடு இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டி.பி. ராஜசேகர் முன்முயற்சியில் 2002இலேயே ஈபிரிண்ட்ஸ் களஞ்சியம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து இதற்காகப் பல்லாண்டு இடைவிடாமல் எழுதியும் பேசியும் வந்தவர் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம். 2004 மே மாதம் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் களஞ்சியம் நிறுவுவது எப்படி என்று பயிலரங்கம் நடத்தியது. 2006இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் தன் ஆசிரியர்களுக்கு ஏற்றுவதைக் கட்டாயமாக்கியது. ஹார்வர்டுக்கு இரண்டு வருடம் முன்னால்!

நிரம்பியது வேறொன்று: ஷோத்கங்கா. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்பிரதியைக் கட்டாயமாகக் கேட்டது. 2016 விதி இன்னும் இறுக்கி, பட்டத்தை அறிவிக்கும் முன்னரே பிரதி காந்திநகரின் இன்ஃப்லிப்நெட்டுக்குப் போக வேண்டும் என்றது. இன்று அதில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள் இருக்கின்றன. ஓடுவது டிஸ்பேஸில். லியேஜின் பாடம்தான்: எது இல்லாமல் பட்டம் இல்லையோ அது வந்து சேரும். தமிழ் இலக்கியத்தில் நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் அங்கே கிடைக்கின்றன. முன்பு ஏதோ ஒரு துறை நூலகத்தின் மேலடுக்கில் கறுப்பு அட்டைக்குள் கிடந்தவை. நான் திறந்து பார்த்தவற்றில் பல, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை, அல்லது வெறும் ஒளிப்படப் பக்கங்கள். கண்ணால் படிக்கலாம், தேட முடியாது. இருந்தாலும் கதவு திறந்திருக்கிறது.

ஆசிரியர்கள்? 2010இல் மானியக் குழு ஆசிரியர்களின் வெளியீடுகளை எண்ணிப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தது. நாமும் எண்ணினோம். ஆனால் அந்தக் கட்டுரையை மற்றவர் படிக்க வைத்திருக்கிறாயா என்று எண்ணவில்லை, எத்தனை இதழில் வந்தது என்று எண்ணினோம். விளைவு, காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பெருகின. 2014 டிசம்பரில் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் தங்கள் நிதியில் நடந்த ஆய்வுகளைக் களஞ்சியத்தில் ஏற்ற வேண்டும் என்று கொள்கை வெளியிட்டன. காகிதத்தில் நல்ல கொள்கை. ஷோத்கங்காவுக்கு நடந்தது அதற்கு நடக்கவில்லை. நடைமுறையில் மாணவருக்கு விதி, ஆசிரியருக்கு வேண்டுகோள்.

2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். சிறு ஊர் அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நான் படித்த பொறியியல் கல்லூரியில் இதழ்கள் வளாகத்துக்குள் மட்டும் திறக்கும். படிப்பு முடிந்த வாரமே அதுவும் மூடிவிட்டது. அதற்குப் பிறகு வேலைக்காகவும் ஆர்வத்துக்காகவும் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பகுதி ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பேராசிரியர் களஞ்சியத்தில் ஏற்றிவைத்த கைப்பிரதிகள்.

சந்தா வளாகத்தோடு முடிந்துவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர், தாலுகா ஊரில் தனியாக மருத்துவம் பார்ப்பவர், பத்திரிகையாளர், தனியார் கல்லூரி மாணவர், நோயாளியின் மகள் என்று வெளியே நிற்பவர்கள்தான் அதிகம். அவர்கள் கொல்லைப்புற வழியாக வருகிறார்கள். அந்த வழியை மூடச் சொல்லித்தான் 2020 டிசம்பரில் மூன்று பதிப்பகங்கள் சை-ஹப் மேல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. நம் வரிப்பணத்தில் நடந்த ஆய்வைப் படிக்க நம் வரிப்பணத்திலேயே சந்தா கட்டுகிறோம், அதன் பிறகும் வரி கட்டியவருக்குக் கதவு மூடியிருக்கிறது.

ஒரே நாடு ஒரே சந்தாவை நடத்துவதும் அதே இன்ஃப்லிப்நெட்தான். மாணவர்களின் ஆய்வேடுகளை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் நிறுவனம், ஆசிரியர்களின் கட்டுரைகளுக்குச் சந்தா வாங்கித் தருகிறது. மென்பொருள் அவர்களிடம் இருக்கிறது, சர்வர் இருக்கிறது, ஆறு வினைச்சொற்களும் இருக்கின்றன. இல்லாதது ஷீபர் எழுதியதைப் போன்ற ஒரு பக்கத் தீர்மானம். அதற்கு 6,000 கோடி வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்கள் ஒரு நாள் மத்தியானம் கூடி, பதிப்பாளரின் படிவம் வருவதற்கு முன்னால் கை தூக்கினால் போதும்.